நகரம் என்று எதனைக் கணக்கிடுகிறோம்?
கிண்ணியாத் துறையும் குடிசன மதிப்பின் எல்லைக்கோடும்

கிழக்கிலங்கை மக்களின் வழக்கில் 'பாதை' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நிலத்தின்மீது நடந்து செல்லும் வழியைப் பாதை என்பதுபோலவே, வாவியையும் ஆற்றுமுகத்தையும் கடப்பதற்கு மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையையும் அவர்கள் பாதை என்றே அழைத்து வந்துள்ளனர். வீதி முடிவடையும் நீர்விளிம்பில் மிதவையே வீதியின் தொடர்ச்சியாக இருந்தமையால் இப்பெயர் பொருத்தமாயிற்று. ஒரு மக்கட்கூட்டம் தன் வாழ்க்கையில் எதனை இன்றியமையாததாகக் கொள்கிறதோ அதனைச் சொல்லிலே பதித்து வைக்கிறது. அரசாங்கத்தின் ஏடுகளோ வேறு சொற்களால் எழுதப்படுகின்றன. அந்த ஏடுகளிலே 'நகரம்', 'கிராமம்', 'தோட்டம்' என்று மூன்று பகுப்புகள் உண்டு. இப்பகுப்புகள் எவ்வாறு தோன்றின, அவற்றுக்கும் நாம் நடக்கும் வழிக்கும், ஏறும் பேருந்துக்கும், கடக்கும் துறைக்கும் என்ன தொடர்பு என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் பொருள்.

கிண்ணியாவை எடுத்துக்கொள்வோம். திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் கலக்கும் நீர்வாயின் தென்கரையில் அமைந்த ஊர் அது. முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையினராக வாழும் இடம். அயலிலே தமிழ்க் கிராமங்களும் உண்டு. மீன்பிடியும் நெல்வேளாண்மையும் சிறு வாணிபமும் அங்குள்ளோரின் தொழில்கள். கரையில் நின்று நோக்கினால் எதிரே துறைமுகப் பக்கத்துக் குன்றுகள் தெரியும். உலகப் புகழ் பெற்ற இயற்கைத் துறைமுகம் ஒன்றின் அருகே வாழ்ந்த இம்மக்கள், மாவட்டத்தின் தலைநகருக்குச் செல்ல நெடுங்காலம் பாதைக்காகத் துறையடியிற் காத்து நின்றனர். அல்லது தம்பலகாமம் வழியாகச் சுற்றிச் சென்றனர். அந்த நீர்வாயின்மீது பாலம் அமைந்து திறக்கப்பட்டது 2009 ஆம் ஆண்டு ஒக்டோபர் 20 ஆம் நாளிலாகும். சவூதி அபிவிருத்தி நிதியத்தின் கடனுதவியோடு கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமுள்ள அப்பாலம் அந்நாளில் இலங்கையின் மிக நீளமான பாலம் எனப் போற்றப்பட்டது.

இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பு நடைபெற்றது 1871 ஆம் ஆண்டில். அந்த ஆண்டுக்கும் கிண்ணியாப் பாலத்துக்கும் இடையில் 138 ஆண்டுகள் கழிந்தன. அந்த நெடிய காலத்தில் மக்களை எண்ணும் வேலை மீண்டும் மீண்டும் நடைபெற்றது. எண்ணப்பட்ட மக்கள் துறையடியிற் காத்து நிற்பதும் நடைபெற்றது. எண்ணுவதற்கும் வழி அமைப்பதற்கும் இடையே இத்துணைத் தூரம் ஏன் ஏற்பட்டது?

1

குடியேற்ற ஆட்சியில் வீதியும் இருப்புப்பாதையும் மக்களின் நடமாட்டத்தைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டவையல்ல. கோப்பிப் பயிர்ச்செய்கையின் விளைவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரும் தேவையால் 1867 ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து கண்டிக்கு இருப்புப்பாதை ஓடியது. திருகோணமலைக்கு அது வந்து சேர்ந்தது 1927 ஆம் ஆண்டில். அறுபது ஆண்டுகள் பிந்தி வந்த அப்பாதையும் கடற்படைத் துறைமுகத்தின் பொருட்டே பெரிதும் வந்தது. 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அதனை இந்துமகா சமுத்திரத்தில் தமது கடலாதிக்கத்தின் நிலையங்களுள் ஒன்றாக்கினர். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் சீனக்குடாப் பக்கத்தில் நூறளவான பேரெண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன, விமானத்தளமும் அமைந்தது. 1942 ஏப்ரில் 9 இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இத்தளத்தின் மீதுதான். 1957 ஆம் ஆண்டிலேயே பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை இலங்கை அரசிடம் ஒப்படைத்தது.

ஆகவே துறைமுகத்தை நோக்கி வீதி வந்தது, இருப்புப்பாதை வந்தது, எண்ணெய்க் குழாயும் வந்தது. குடாவைச் சூழ்ந்து வாழ்ந்த உழவரும் மீனவரும் ஒருவரோடொருவர் தொடர்புகொள்வதற்கான வழி மட்டும் மிதவைகளிடம் விடப்பட்டது. திருகோணமலையிலிருந்து கரையோரமாக மட்டக்களப்புக்குச் செல்ல முயன்றவன் ஒரு துறையைக் கடந்து அடுத்த துறைக்கும், அதனைக் கடந்து வேறொன்றுக்கும் காத்து நிற்க வேண்டியிருந்தது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் வந்து விழுமிடத்திலும், அதன் கிளையாகிய வெருகலாற்றிலும், உப்பாற்றிலும் நிலையான பாலங்கள் அமைந்து அந்நெடுஞ்சாலை தடையற்ற வழியாக மாறியது 2011 ஆம் ஆண்டளவிலே ஆகும்.

இங்கே ஒன்றை மறந்துவிடலாகாது. சுதந்திரத்தின் பின்னர் இலங்கை மக்கள் போக்குவரத்தை ஒரு சமூக உரிமையாகக் கண்ட காலமும் இருந்தது. 1958 சனவரி முதலாம் நாள் தனியார் பேருந்து நிறுவனங்கள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபோது, இலாபம் தராத கிராமத்து வழிகளிலும் பேருந்து ஓடவேண்டும் என்ற கொள்கை முன்வைக்கப்பட்டது. இரவிலே கிராமத்தில் தங்கி அதிகாலையில் தொழிலாளரையும் மாணவரையும் ஏற்றிவரும் பேருந்து அக்கொள்கையின் வடிவமாகும். 1979 இல் தனியார் பேருந்துகள் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், எந்த வழியில் பயணிகள் திரளாக உள்ளனரோ அந்த வழியை நோக்கியே வண்டிகள் ஓடலாயின. எங்கே மக்கள் திரளாக உள்ளனர், எங்கே சிதறி உள்ளனர் என்ற கணக்கு இதனால் முன்னிலும் முக்கியமாயிற்று. அக்கணக்கைத் தருவது குடிசன மதிப்பு.

2

குடிசன மதிப்பு ஓரிடத்தை நகரம் என்று எவ்வாறு தீர்மானிக்கிறது? அவ்விடத்து வீடுகளின் நெருக்கத்தையும், தொழிலின் தன்மையையும், கடைகளின் பெருக்கத்தையும் பார்த்தே தீர்மானிக்கும் என்று மாணவர் எண்ணக்கூடும். இலங்கையில் அவ்வாறில்லை. உள்ளூராட்சிச் சட்டம் எதனை நகரம் என்று கூறுகிறதோ அதனையே குடிசன மதிப்பும் நகரம் என்று ஏற்றுக்கொள்கிறது.

உள்ளூராட்சியின் வரலாறோ நிருவாக வசதியின் வரலாறு. 1865 ஆம் ஆண்டில் மாநகரசபைகளுக்கான கட்டளைச் சட்டம் பிறந்தது. சிறு நகரங்களில் சுகாதாரத்தையும் வரியையும் கவனிக்கும் சபைகள் பின்னர் தோன்றின. 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நகரசபைகளை வகுத்தது. 1946 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவற்றிலும் சிறியனவாகிய பட்டின சபைகளை வகுத்தது. இவற்றுக்கு வெளியே எஞ்சியவை கிராம சபைகளின் ஆட்சிக்குட்பட்டன. மாநகரம், நகரம், பட்டினம் ஆகிய மூன்று சபைகளின் எல்லைக்குள் வாழ்ந்தோரைக் குடிசன மத்திப்பு நகரமாந்தர் எனக் கணக்கிட்டது.

1980 களில் இவ்வமைப்பு மாறியது. பட்டின சபைகளும் கிராம சபைகளும் மறைந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் அவற்றின் பகுதிகள் புதிய பிரதேச சபைகளுள் அடக்கப்பட்டன. பிரதேச சபை என்பது சட்டத்தின் கண்ணில் நகரமன்று. எனவே நேற்றுவரை பட்டினமாக இருந்த கடைத்தெருவும் சந்தையும் பேருந்து நிலையமும் இன்று கிராமமாயின. அங்கு ஒரு வீடும் இடியவில்லை. ஒரு கடையும் மூடப்படவில்லை. மக்கள் வயலுக்குத் திரும்பிச் செல்லவுமில்லை. வரைவிலக்கணம் மட்டுமே மாறியது.

இதன் விளைவைப் புள்ளிவிபரத்தில் காணலாம். இலங்கையின் மொத்தக் குடிசனத்தில் நகரமாந்தரின் பங்கு 1963 இல் நூற்றுக்கு 19.1, 1971 இல் 22.4, 1981 இல் 21.5, 2012 இல் 18.2. இத்தொடரை மட்டும் வாசிப்பவன், இலங்கை மக்கள் முப்பது ஆண்டுகளாக நகரங்களை விட்டுக் கிராமங்களுக்குச் சென்றுகொண்டிருந்தனர் என்றே முடிவு செய்வான். 1971 வரையான ஏற்றத்திலும் ஒரு பகுதி, புதிய பட்டின சபைகள் பிரகடனப்படுத்தப்பட்டதால் நேர்ந்தது. ஏறியதும் இறங்கியதும் ஓரளவுக்கு வர்த்தமானி அறிவித்தலின் ஏற்ற இறக்கமே.

2012 ஆம் ஆண்டின் கணக்கில் மற்றுமொரு விந்தையைக் காண்கிறோம். கொழும்பு மாவட்டத்தில் ஏறக்குறைய 23 இலட்சத்து 24 ஆயிரம் மக்கள். அடுத்துள்ள கம்பகா மாவட்டத்தில் 23 இலட்சத்து 5 ஆயிரம். முன்னதில் நகரமாந்தர் நூற்றுக்கு 77.6, பின்னதில் 15.6 மட்டுமே. கொழும்பு மாநகரின் விளிம்பில், பல்கலைக்கழகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த களனி பிரதேச சபைப் பகுதியாதலால் அது கிராமம். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஹோமாகமவும் கிராமம். ஒவ்வொரு காலையும் கொழும்பை நோக்கி ஓடும் வண்டிகளில் நெருக்குண்டு நிற்கும் எழுதுவினைஞனும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் புள்ளிவிபரத்தின்படி கிராமவாசிகள்.

கொள்கைக் கற்கைகள் நிறுவகம் 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்று வேறொரு வழியிற் கணக்கிட்டுப் பார்த்தது. கிராம அலுவலர் பிரிவை அலகாகக் கொண்டு, குடிசனத் தொகை, அடர்த்தி, விறகிலும் கிணற்று நீரிலும் தங்கியிருக்கும் அளவு ஆகியவற்றை அளவுகோலாக்கினால், 2012 இல் இலங்கை மக்களில் நூற்றுக்கு 43.8 பேர் நகரத்தன்மையுள்ள இடங்களில் வாழ்ந்தனர் என்று அது கண்டது. 18.2 எங்கே, 43.8 எங்கே! ஒரே ஆண்டு, ஒரே மக்கள். அளவுகோல் மட்டுமே வேறு.

3

வடக்கிலும் கிழக்கிலும் இச்சிக்கல் மேலும் ஒரு படி ஆழமானது. அங்கு கோடு மாறியதோடு, எண்ணும் வேலையும் நின்றது. 1981 இன் பின்னர் வரவேண்டிய மதிப்பு போரினால் 2001 வரை பிந்தியது. 2001 இல் 18 மாவட்டங்களிலேயே அது முழுமையாக நிறைவேறியது. திருகோணமலை மாவட்டத்தில் ஒரு பகுதியிலேயே நடந்தது. ஆகவே 1981 இல் 2 இலட்சத்து 55 ஆயிரத்து 948 என்று எண்ணப்பட்ட திருகோணமலை மாவட்ட மக்கள், மறுபடியும் முழுமையாக எண்ணப்பட்டது 2012 இல். அப்போது அவர்களின் தொகை 3 இலட்சத்து 79 ஆயிரத்து 541.

இடைப்பட்ட 31 ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பாருங்கள். போர் ஊர்களைப் பெயர்த்தது. ஓரிடத்து மக்கள் வேறிடத்தில் அடைக்கலம் புகுந்தனர். சிலர் திரும்பினர், சிலர் திரும்பவில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கி வந்து கிண்ணியாவின் கரையோரத்தையும் அதன் மருத்துவமனையையும் அழித்தது. காயமுற்றோரைக் கொண்டு செல்லவேண்டிய திருகோணமலை நகரம் துறைக்கு அப்பால் இருந்தது. இப்புதிய நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கிண்ணியாவின் ஒரு பகுதி நகரசபையாயிற்று. எஞ்சிய பகுதி கிண்ணியாப் பிரதேச சபையாக நின்றது. 2009 இல் பாலம் வந்தது. இத்தனை மாற்றங்களையும் திட்டம் வகுத்தோர் முழுமையான ஒரு மதிப்பின் துணையின்றியே எதிர்கொண்டனர். அதன் பின்னர் வந்த மதிப்பு 2024 டிசம்பர் 19 ஐ மதிப்பு நாளாகக் கொண்டது.

2012 இன் கணக்குப்படி திருகோணமலைக் குடாவைச் சூழ்ந்த நகரங்கள் இரண்டே: திருகோணமலையும் கிண்ணியா நகரசபை எல்லையும். மூதூர் கிராமம், தம்பலகாமம் கிராமம், கிண்ணியாவின் பிரதேச சபைப் பகுதி முழுவதும் கிராமம். ஒரு கிண்ணியாவின் ஊடே கோடு ஓடுகிறது. கோட்டின் இப்புறத்து வீட்டில் வாழ்பவர் நகரமாந்தர். அப்புறத்து வீட்டில் வாழும் அவர் தம்பி கிராமவாசி. இருவரும் ஒரே சந்தைக்குச் செல்கின்றனர். அவர்கள் பிள்ளைகள் ஒரே பாடசாலையில் படிக்கின்றனர். நோயுற்றால் ஒரே மருத்துவமனையை நாடுகின்றனர். அவர்களின் வாழ்க்கையில் இல்லாத எல்லை ஏட்டிலே உள்ளது.

4

'ஏட்டில் எல்லை இருந்தால் என்ன? அது பாலத்தைத் தடுக்குமா?' என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. விடை காண்பதற்குப் போக்குவரத்துத் திட்டம் எவ்வாறு வகுக்கப்படுகிறது என்பதை அறியவேண்டும்.

1950 களில் அமெரிக்காவின் டெற்றோயிற், சிக்காகோ நகரங்களை ஆராய்ந்தோர் உருவாக்கிய முறை இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. முதலில் ஒரு பிரதேசத்தைச் சூழ வெளி எல்லை வரையப்படும். அதற்குட்பட்ட நிலம் சிறு வலயங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு வலயத்திலும் எத்தனை பயணங்கள் தோன்றுகின்றன, அவை எவ்வலயத்துக்குச் செல்கின்றன, எவ்வகை வாகனத்தைப் பயன்படுத்துகின்றன, எந்த வீதியைத் தேர்கின்றன என்ற நான்கு வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்படும். முதல் வினாவின் விடைக்கு ஆதாரம் வலயத்தின் குடிசனமும் தொழிலும். அங்கே பிழை நேர்ந்தால் மற்ற மூன்று விடைகளும் பிழைபடும். வெளி எல்லை தவறான இடத்தில் வரையப்பட்டால், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் மக்கள் 'வெளியார்' ஆகிவிடுவர்; அவர்களின் அன்றாடப் பயணம் தற்செயலான பயணம்போலத் தோன்றும்.

குடிசன மதிப்பு மனிதனை அவன் வசிக்கும் இடத்தில் எண்ணுகிறது. போக்குவரத்தின் பாரமோ அவன் பகலில் செல்லுமிடத்தைப் பொறுத்தது. மூதூரில் வசித்துத் திருகோணமலையில் கற்பிக்கும் ஓர் ஆசிரியரையும், கிண்ணியாவின் வயலோரத்தில் வசித்து நகரத்துக் கட்டட வேலைக்குச் செல்லும் ஒரு தொழிலாளியையும் எண்ணிப் பார்ப்போம். இருவரும் கணக்கில் கிராமத்தவர், பயணத்தில் நகரத்தவர். நகர எல்லைக்குள் மட்டும் நோக்கும் திட்டத்தில் இவர்கள் இடம்பெறுவதில்லை. கிராம வீதித் திட்டமோ நெல்லைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வண்டியை மனத்தில் வைத்தே பெரும்பாலும் வரையப்படுகிறது. காலை ஏழு மணிக்குப் பேருந்துக்குக் காத்து நிற்கும் கூட்டத்தை அது காண்பதில்லை. இரண்டு திட்டங்களுக்கும் இடையில் இவர்கள் தவறி விழுகின்றனர்.

இதற்கு மேலாகப் பொறுப்பின் பிரிவு ஒன்று உண்டு. இலங்கையில் 'ஏ', 'பி' வகுப்பு வீதிகள் 1981 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியன. 'சி', 'டி' வகுப்பு வீதிகள் மாகாணத்துக்குரியன. எஞ்சியவை உள்ளூராட்சிச் சபைகளுக்குரியன. பேருந்துச் சேவையிலும் மாகாணத்துக்குள் ஓடுவது ஓர் அதிகாரத்தின் கீழ், மாகாணங்களுக்கிடையே ஓடுவது வேறோர் அதிகாரத்தின் கீழ். ஒரு மனிதன் வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்குச் செல்லும் ஒரே பயணம் நான்கு அதிகாரங்களின் நிலத்தைக் கடக்கிறது. முழுப் பயணத்துக்கும் பொறுப்பாளர் எவருமில்லை.

2021 நவம்பர் 23 ஆம் நாள் காலையில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் நிகழ்ந்ததை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். அங்கே பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பாலமில்லாத இடைக்காலத்தில் மக்கள் ஓர் இழுவை மிதவையில் நீரைக் கடந்தனர். அன்று அது கவிழ்ந்தது. அதில் இருந்தோரிற் பலர் பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள். சிறுவர் உட்படக் குறைந்தது ஆறு உயிர்கள் போயின. பாலத்தைக் கட்டுவது யாருடைய பொறுப்பு, மிதவைக்கு அனுமதி அளித்தது யார், மாற்றுவழி ஏன் செய்யப்படவில்லை என்ற வினாக்கள் எழுந்தன. ஓர் அதிகாரம் மற்றோர் அதிகாரத்தைச் சுட்டியது. உடனடிக் காரணங்களும் குற்றமும் நீதிமன்றம் ஆராய்தற்குரியன. அவற்றைப் பற்றி இங்கே தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமன்று. எல்லைக்கோடு ஒன்றே இப்பிள்ளைகளைக் கொன்றது என்று கூறுவதும் உண்மையாகாது. ஆனால் ஒரு பாலத்தை அகற்றும்போது எத்தனை பிள்ளைகள் அன்றாடம் அவ்வழியே செல்கின்றனர் என்பதை முதலிற் கணக்கிட்டு, அவர்களுக்கான பாதுகாப்பான வழியை முதலில் அமைத்துவிட்டே வேலையைத் தொடங்கும் ஒழுங்கு எமது ஆட்சிமுறையிலே வேரூன்றியிருந்தால், அந்தக் காலை வேறுவிதமாக விடிந்திருக்கும். குடியிருப்பை எண்ணும் அரசு நடமாட்டத்தை எண்ணவில்லை.

5

வகுப்பின் பெயர் ஒன்று மக்களை வழியற்றவராக்கும் என்பதற்கு மலையகத்தை விடச் சிறந்த சான்று இல்லை. குடிசன மதிப்பின் மூன்றாவது பகுப்பு 'தோட்டம்'. இருபது ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புடையதாய், பத்துப்பேருக்குக் குறையாத தொழிலாளர் வசிக்கும் பெருந்தோட்டம் இதனுள் அடங்கும். 2012 இல் இலங்கை மக்களில் நூற்றுக்கு 4.4 பேர் இப்பகுப்பில் இருந்தனர். பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. தொழிலாளி வாக்களித்தான், அவன் வாக்கால் உறுப்பினர் தெரிவாயினர், அவன் குடியிருப்புக்குச் செல்லும் வீதியைச் செப்பனிட அச்சபைக்கு அதிகாரமில்லை. 1987 இல் இயற்றப்பட்ட இச்சட்டம் திருத்தப்பட்டது 2018 இல். முப்பத்தோராண்டுகள்! நோயாளியைக் கம்பளியிற் சுமந்து இறங்கிய மலைவழிகள் இந்தச் சட்டப்பிரிவின் விளைவையும் சுமந்தன.

பிற நாடுகளின் அனுபவமும் இதனை உறுதிப்படுத்துகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1950 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு, மாநகர நிருவாக எல்லைக்கு அப்பாலும் பரந்து கிடக்கும் தொடர்ச்சியான குடியிருப்பைத் தனி அலகாகக் கணக்கிடத் தொடங்கியது. 1962 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரப் பகுதிகளில் உள்ளூர் ஆட்சிகள் ஒன்றுகூடித் தொடர்ச்சியான பொதுத்திட்டம் வகுத்தாலன்றி மத்திய அரசின் நிதி இல்லை என்று விதித்தது. இதனால் குடிசன மதிப்பின் கோடு நேரடியாகப் பணத்தின் கோடாயிற்று. அந்த நிதியின் பெரும்பங்கு தனியார் மோட்டார் வண்டிகளுக்கான பெருவழிகளிலே கொட்டப்பட்டதையும், அவ்வழிகள் பல நகரங்களில் ஏழைகளினதும் கறுப்பின மக்களினதும் குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றதையும் நாம் மறக்கவேண்டியதில்லை. சரியான எல்லை வரைவது நீதியான திட்டத்துக்கு முதற்படி, அதுவே நீதியாகிவிடாது.

இந்தியாவில் 1961 முதல் இருவகை நகரங்கள் கணக்கிடப்படுகின்றன. சட்டத்தால் நகரமானவை ஒருவகை. ஐயாயிரம் மக்களும், சதுரக் கிலோமீற்றருக்கு நானூறு பேர் அடர்த்தியும், ஆண் தொழிலாளரில் நான்கில் மூன்று பங்கினர் வேளாண்மையல்லாத தொழிலும் உடைய ஊர்கள் மற்றொருவகை. இரண்டாவது வகை ஊர்கள் 2001 இல் 1,362 ஆக இருந்து 2011 இல் 3,894 ஆகப் பெருகின. கேரளத்தில் நகரமாந்தரின் பங்கு அப்பத்தாண்டில் நூற்றுக்கு 26 இலிருந்து 47.7 ஆக உயர்ந்ததற்கு இவ்வூர்களே பெரிதும் காரணம். இவை மதிப்பில் நகரம். ஆட்சியில் கிராம ஊராட்சி. எனினும் உள்ளதை உள்ளபடி காட்டும் கண்ணாடி ஒன்றாவது அங்கு உள்ளது. 2011 ஆம் ஆண்டின் இந்திய மதிப்பு, வேளாண்மையல்லாத தொழில் செய்வோரிடம் அவர்கள் வேலைக்குச் செல்லும் தூரத்தையும் செல்லும் முறையையும் கேட்டறிந்தது. எத்தனை பேர் நடந்தும் மிதிவண்டியிலும் வேலைக்குச் செல்கின்றனர் என்பது அதனால் வெளிப்பட்டது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது இதன் மறுபக்கத்தைக் காட்டும். 2004 ஆம் ஆண்டில் அம்மாநில அரசு 566 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. கிராமங்களுக்கென ஒதுக்கப்படும் மத்திய நிதியைப் பெறுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2006 இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. நகரமாவது எல்லோருக்கும் எப்போதும் நன்மை என்று கருதுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். நகரசபையானால் சோலை வரி வரும். கிராமத்துக்குரிய உதவிகள் சில கைநழுவும். கூலித் தொழிலாளியின் ஓலைக்குடிலுக்கு நகரம் என்ற பெயர் மட்டும் கிடைத்துப் பேருந்து கிடைக்காவிடின் அவனுக்கு இலாபம் யாது?

6

ஆகவே, கிண்ணியாவுக்கு அயலிலுள்ள ஊர்களையெல்லாம் நகரசபையாக்குங்கள் என்பது எமது கோரிக்கையன்று. கிழக்கில் உள்ளூராட்சி எல்லை எதனை மாற்ற முனைந்தாலும் அது இனத்தின் கணக்காக, தேர்தலின் கணக்காக உருமாறுவதை நாம் அறிவோம். ஒருவரின் எல்லை விரிவது மற்றவருக்கு அச்சமாகிறது. இந்த அச்சத்தை வளர்த்து வாழ்வோர் எல்லாச் சமூகங்களிலும் உள்ளனர். துறையடியிற் காத்து நின்ற முஸ்லிம் மீனவனுக்கும் தமிழ் உழவனுக்கும் சிங்களத் தொழிலாளிக்கும் மிதவை ஒன்றே, மழையும் ஒன்றே. அவர்களின் பொதுத்தேவையை அடிப்படையாகக் கொண்டு எல்லையைச் சிந்திக்க முடியும்.

அதற்கு வழியும் உண்டு. ஆட்சியின் எல்லை வேறு, திட்டத்தின் எல்லை வேறு என்று முதலில் பிரித்துணர வேண்டும். சபைகள் இருந்தபடியே இருக்கலாம். போக்குவரத்துத் திட்டத்தின் பொருட்டு, மக்கள் அன்றாடம் எங்கிருந்து எங்கே செல்கின்றனர் என்பதைக் கொண்டு ஒரு பொதுவான பிரதேசம் வரையப்படலாம். கொழும்புப் பக்கத்தில் 2012 முதல் 2014 வரை யப்பானிய உதவியோடு நடந்த போக்குவரத்து ஆய்வு மாநகர எல்லையோடு நிற்காமல் மேல் மாகாணம் முழுவதையும் அலகாகக் கொண்டது. வீடு வீடாகச் சென்று பயணங்களைக் கேட்டறிந்தது. தலைநகரின் வாகன நெரிசலுக்கு இது சாத்தியமாயின், திருகோணமலை, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் ஆகியவற்றை ஒரே குடாவின் மக்களாக நோக்கும் ஆய்வு ஏன் சாத்தியமாகாது? கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் மதிப்பின் தரவுகள் உள்ளன. பிரிவுகளை அடர்த்தியாலும் தொழிலாலும் தொகுத்தால், வர்த்தமானி காட்டாத உண்மையான குடியிருப்பின் உருவம் தானே வெளிப்படும். மதிப்புப் படிவத்தில் 'நீர் வேலைக்கு அல்லது பாடசாலைக்கு எவ்வாறு செல்கின்றீர், எவ்வளவு நேரமாகும்?' என்ற ஒரு வினாவைச் சேர்ப்பதும் பெருஞ்செலவான காரியமன்று.

இவற்றை அரசு தானாகச் செய்யும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. இவ்வேட்டை வாசிப்போரிற் பலர் ஆசிரியர்கள், பலர் மாணவர்கள். ஒரு பாடசாலையின் வரவு இடாப்பே ஒரு சிறு குடிசன மதிப்பு. ஒவ்வொரு மாணவனும் எவ்வூரிலிருந்து, எந்த வழியால், எத்தனை மணிக்குப் புறப்பட்டு வருகின்றான், இடையில் எந்த நீரைக் கடக்கின்றான் என்பதை வகுப்பறையிலே ஒரே நாளில் கேட்டுக் குறித்துவிடலாம். ஒரு பிரதேசத்தின் பாடசாலைகள் எல்லாம் இவ்வாறு செய்து அக்குறிப்புகளை ஒரு வரைபடத்தில் இட்டால், எந்தத் துறையில் பாலம் வேண்டும், எந்த வழியில் காலைப் பேருந்து வேண்டும் என்பது எவர் கண்ணுக்கும் புலப்படும். அந்த வரைபடத்தோடு சபைக்கும் மாகாணத்துக்கும் அமைச்சுக்கும் செல்லும் மக்களை 'உங்கள் பகுதி எமது எல்லைக்குள் இல்லை' என்று கூறித் திருப்பியனுப்புவது எளிதாயிராது.

குறிஞ்சாக்கேணியில் அன்று மிதவையில் ஏறிய பிள்ளைகளின் பெயர்களும் ஏதோ ஒரு வகுப்பின் இடாப்பிலே இருந்தன. அவர்கள் எவ்வழியால் வருகின்றனர் என்ற கேள்விக்கு மட்டும் அந்த இடாப்பில் இடம் இருக்கவில்லை. அந்த இடத்தை நாம் அமைப்போம்.